பதினைந்தாம் பெட்டின் குமிழிகள்

அநியாயம் நடந்தது ரெஜினா சிஸ்டருக்கு. செய்தது நான். மூன்று பக்கம், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, "நோயாளியின் நெஞ்சுக் குழாயை ரப்பர் பேண்டால் கட்டி அவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கட்டவில்லை. பாருங்கள், எதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் என் தரப்பு என்று ஒன்று இருக்கிறது அக்கா, அதையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம் படிக்கிறேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் வருஷப் பாடமே.

எக்ஸ்ரே அறைக் கதவு இப்போதைக்குத் திறக்காது. எங்கள் டோக்கன் நாற்பத்திரண்டு, உள்ளே பதினெட்டுதான் போயிருக்கிறது. அதோ, அந்தக் கோடியில் மின்விசிறிக்கு அடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அப்பா. அழகுமலை. முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர், ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. இருக்கட்டும், கூப்பிட வேண்டாம். அவர் அப்படித்தான் தனியாக உட்கார்ந்திருப்பார், பழகிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரருக்கு முந்தாநாள்தானே ஆபரேஷன்? பாட்டிலில் குமிழி வருகிறதா? வரட்டும், பயப்படாதீர்கள். நுரையீரலை வெட்டித் தைத்த இடத்திலிருந்து கொஞ்ச நாளைக்குக் காற்று கசியும். அந்தக் காற்று நெஞ்சுக்குள்ளேயே தங்கினால் நுரையீரலை அமுக்கிவிடும். அதற்குத்தான் விலா இடுக்கில் குழாய், குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குள். கசிகிற காற்று தண்ணீரில் குமிழியாக வெளியே போய்விடும், வெளிக்காற்று உள்ளே ஏறாது. குமிழி நின்றால் ஓட்டை மூடிக்கொண்டது என்று அர்த்தம். குழாயை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், பார்த்தீர்களா? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ரெஜினா சிஸ்டர்தான்.

"பாட்டிலைத் தூக்காத. நெஞ்சு மட்டத்துக்கு மேல அது வரவே கூடாது. ட்யூப் மடங்காமப் பாத்துக்க. குமிழியை மட்டும் பாக்காத பாப்பா, குழாய்க்குள்ள தண்ணி ஏறி எறங்குதா, அதையும் பாரு. அது ஆடுற வரைக்கும் வழி தொறந்திருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"குமிழி வந்தாலே வழி திறந்திருக்குன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு அது வேற?" என்று கேட்டேன்.

"குமிழி நின்ன பெறகு தெரியும், எதுக்குன்னு."

இப்படித்தான் அவர் பேச்சு இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அப்பாவுக்கு வலது நுரையீரலின் மேல் பாகத்தை எடுத்தார்கள். எப்போதோ வந்து ஆறிய டி.பி., உள்ளே ஒரு பொந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தப் பொந்தில் பூஞ்சைக் கட்டி வளர்ந்து, இருமினால் ரத்தம். அம்மா இல்லை, ஆறு வருஷமாகிவிட்டது. அண்ணன் தம்பி கிடையாது. அதனால் நான்தான் எல்லாம். காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். பகலெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். ராத்திரி ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது என்றார்கள். "அப்படியானால் பெண் பிள்ளை மட்டும் உள்ளவர்கள் ஆபரேஷனே பண்ணிக்கொள்ளக் கூடாதா?" என்று வாட்ச்மேனோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். வராந்தாவில் படுக்க விட்டார்கள். அதுவும் நான் வாதாடிய பிறகுதான்.

ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள் அப்பா இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அங்கே எப்போதும் இரண்டு ரப்பர் பேண்ட் கிடக்கும். கண்டக்டர் வேலைக் காலத்துப் பழக்கம், டிக்கெட் கட்டு, நோட்டுக் கட்டு எல்லாவற்றுக்கும் போடுவது. ரிட்டையர் ஆன பிறகும் கழற்றவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது கழற்றச் சொல்லியிருந்தார்கள். நானே பையிலிருந்து எடுத்து மாட்டிவிட்டேன். இரண்டும் சிவப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள், குமிழி நிற்கவில்லை. ஐந்து நாளைத் தாண்டினால் அதற்கு நீடித்த காற்றுக் கசிவு என்று தனிப் பெயரே உண்டு, நான் படித்துவிட்டேன். போனில் ஏழு கட்டுரை. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் கேட்டேன்: "சார், ஐந்து நாள் ஆயிருச்சு. ஏன் மறுபடி திறந்து தைக்கக் கூடாது?"

"ஏம்மா, நுரையீரல் என்ன சைக்கிள் ட்யூபா, பஞ்சர் ஒட்ட? திரும்பத் தைச்சா தைச்ச எடமே கிழியும். பெரும்பாலும் தானா மூடிக்கும். மூடலைன்னா வேற வழி இருக்கு. பொறும்மா."

"பொறுக்கறதுக்கு ஒரு வரம்பு இருக்கணும்ல சார்?"

"இருக்கு. அதை நான் சொல்றேன்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். அதிகாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

பக்கத்துப் பெட் பதினாலு, மைதீன் பாய். லாரி டிரைவர். அவருக்கும் நெஞ்சில் குழாய், கீழே பாட்டில். அப்பா கண்டக்டர் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். காலையில் கண் விழித்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன கண்டக்டரே, கூட்டம் ஏறுதா?" பாட்டில் குமிழியைப் பார்த்துத்தான் கேட்பது.

"ஏறுது டிரைவரே. பூராம் ஸ்டேண்டிங்."

"அப்ப விசில் குடுங்க, எடுப்போம்."

அப்பா உதட்டைக் குவிப்பார். சத்தம் வராது, வெறும் காற்றுதான் வரும். கீழே பாட்டில் குபுகுபுவென்று பொங்கும். இரண்டு பேரும் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், தையல் வலிக்குமே. எனக்குப் பகீரென்றிருக்கும். "பாய், அவரைச் சிரிக்க வைக்காதீங்க. ஓட்டை பெருசாயிரும்" என்று நேரடியாகவே சொல்லிவிட்டேன். ரெஜினா சிஸ்டர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே, "சிரிக்கட்டும் பாப்பா, நுரையீரல் விரியும்" என்றார். சிஸ்டருக்கு என்னை மறுத்துப் பேசாவிட்டால் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் என் விவகாரம் ஒன்று. பெங்களூரில் மாதிரி நீதிமன்றப் போட்டி. இறுதிச் சுற்று. எங்கள் கல்லூரியிலிருந்து இறுதிச் சுற்றுக்குப் போனது அதுவே முதல் தடவை, வாதாட வேண்டியது நான். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டாம் நாள் போட்டி. ஆறாம் நாள் துறைத்தலைவர் போன் பண்ணி, வேறு ஒருத்தியை அனுப்பப் போவதாகச் சொன்னார். வராந்தாவில் நின்று அரைமணி நேரம் கத்தினேன். "எங்கப்பாவுக்கு என்னை விட்டா யாரும் இல்ல சார், அதுக்காக என் இடத்தைப் பறிப்பீங்களா?" என்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். அவருக்குக் கேட்டிருக்கும் என்று அப்போதே நினைத்தேன். பாவம், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாரே என்று.

எட்டாம் நாள் மைதீன் பாய்க்குக் குமிழி நின்று, குழாயை எடுத்து, டிஸ்சார்ஜ். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா கட்டிலண்டை வந்து நின்றார். "நான் எடுத்துட்டேன் கண்டக்டரே. நீங்க அடுத்த வண்டியில வாங்க" என்றார். அப்பா சிரித்தார். அதன் பிறகு அந்தப் பெட்டுக்கு யாரும் வரவில்லை, மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். வார்டு அமைதியாகிவிட்டது. எனக்கும் நிம்மதி, உட்கார்ந்து படிக்க முடிந்தது. இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டாலும் வாதக் குறிப்பை நான்தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா பக்கத்து மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை "தாயி" என்று கூப்பிட்டார். "ஒரு நிமிஷம்பா, இந்தப் பாராவை முடிச்சுர்றேன்" என்றேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

என்ன அக்கா? உங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறாரா? இருங்கள், இதை முடித்துவிடுகிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் ரவுண்ட்ஸ். சின்ன டாக்டர், அதாவது மேல்படிப்புப் படிக்கிறவர், "இருமுங்கய்யா" என்றார். அப்பா இருமினார். பாட்டிலில் ஒரு குமிழி இல்லை. மறுபடி இருமினார். இல்லை. "சூப்பர்! நாளைக்குப் பெரியவர் பாத்துட்டா எக்ஸ்ரே எடுத்துட்டு ட்யூபை எடுத்துரலாம்" என்றார். நான் கை தட்டாத குறை. அப்போது ரெஜினா சிஸ்டர் பாட்டிலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, "சார், தண்ணி ஏறி எறங்கவும் இல்லையே" என்றார்.

"நுரையீரல் முழுசா விரிஞ்சிருந்தாலும் நின்னுரும் சிஸ்டர்."

"நேத்து சாயங்காலம் வரை ஆடிச்சே சார்" என்று சொல்லி, நோட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். நல்ல செய்தி வந்தால்கூட இவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். மத்தியானம் நாலைந்து குமிழி வந்தது. கடைசிக் காற்று போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் பெரிய டாக்டருக்கு ஏதோ அவசர ஆபரேஷன், ரவுண்ட்ஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அப்பா தூங்குகிறார் என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா, அது என் அப்பாவின் முகமில்லை. கண் இமை இரண்டும் பூரி மாதிரி உப்பி மூடிக்கொண்டிருந்தன. கழுத்தே காணோம். "அப்பா" என்று கன்னத்தைத் தொட்டேன். தோலுக்கு அடியில் பொரியை அமுக்கினது மாதிரி நொறுநொறுவென்றது. வாயைத் திறந்து ஏதோ சொன்னார், மூக்கால் ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. நான் கத்தினேன்.

ரெஜினா சிஸ்டர்தான் ஓடி வந்தார். வந்ததும் ஒரே இழுப்பில் போர்வையை உருவினார். குழாய் இரண்டாக மடிந்து, மடிப்பின் மேல் ரப்பர் பேண்ட். கத்தரியால் அதை வெட்டியதும் பாட்டில் கொதிக்கிற உலை மாதிரி பொங்கிற்று. வெளியே போக வழியில்லாத காற்று தோலுக்கு அடியில் புகுந்து கழுத்து வரை, கண் வரை ஏறியிருக்கிறது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் என்னிடம், "நல்ல வேளை. காத்து தோலுக்கடியில போச்சு, இல்லாட்டி இருதயத்தையே அமுக்கியிருக்கும்" என்றார்.

வெட்டிய ரப்பர் பேண்ட் தரையில் கிடந்தது. எடுத்து ஒரு கவரில் போட்டேன். தடயம் அல்லவா? சிவப்பு. சிஸ்டர்கள் மேஜைக்குப் போய்ப் பார்த்தேன். நோயாளிகளின் கேஸ் சீட்டுக் கட்டு ஒவ்வொன்றிலும் அதே சிவப்பு ரப்பர் பேண்ட். முந்தின நாள் நோட்டில் அவர் கையெழுத்தில், "தண்ணீர் அசையவில்லை, குழாய் மடிப்பு உள்ளதா கவனிக்க" என்று எழுதியிருந்தது. ஆக அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! சந்தர்ப்பம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, முன்னறிவு இருக்கிறது. அக்கா, நீங்களே சொல்லுங்கள், எந்தக் கோர்ட்டும் ஏற்றுக்கொள்ளும். மூன்று பக்கமும் அன்றைக்கு மத்தியானமே எழுதி, ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கிற டாக்டர், அதுதான் ஆர்.எம்.ஓ., அவர் கையில் கொடுத்தேன். "விசாரிக்கிறோம்மா" என்றார். "விசாரணை முடிகிற வரைக்கும் அவர் இந்த வார்டில் இருக்கக் கூடாது" என்றேன். சிஸ்டருக்கு மெமோ கொடுத்து எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றினார்கள்.

அப்பாவுக்கு மூன்று நாள் கண் திறக்கவில்லை, குரல் இல்லை. காதில் போய்ச் சொன்னேன்: "கவலைப்படாதீங்கப்பா. யார் செஞ்சாங்கன்னு தெரியும். விடமாட்டேன்." அப்பா கையை ஆட்டினார், வேண்டாம் என்பது மாதிரி. தண்ணீர் வேண்டாமாக்கும் என்று டம்ளரை வைத்துவிட்டேன். பிறகு வலது கையால் இடது மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். "பத்தே கால்ப்பா" என்றேன். மறுபடி தட்டினார். "இப்ப பத்து இருபது" என்றேன்.

பன்னிரண்டாம் நாளும் கசிவு நிற்கவில்லை. இனிமேல் பொறுக்க முடியாது, ரத்தம் வைத்து அடைக்கலாம் என்றார் பெரிய டாக்டர். நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, அது உறைவதற்குள் நெஞ்சுக் குழாய் வழியாக உள்ளே செலுத்துவது. உறைந்து ஓட்டைமேல் பசை மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றேன். "என் ரத்தம் எடுங்க சார். அதே ஓ பாசிட்டிவ்தான். அவர் ஏற்கெனவே இளைச்சுக் கெடக்காரு."

"இல்லம்மா. இதுக்கு அவர் ரத்தந்தான் வேணும்."

"நான் அவர் பொண்ணு சார்."

"அதனால என்னம்மா? அவர் உடம்புல உள்ளதுதான் வேணும்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் என்னால் வாதாட முடியவில்லை. அப்பாவின் கையிலிருந்து பெரிய ஊசியில் இரண்டு தடவை எடுத்தார்கள். உள்ளே ஏற்றிவிட்டு, குழாயை மூடாமல், ரத்தம் உடனே வடிந்துவிடாதபடி உயரக் கம்பியில் வளைத்துத் தொங்கவிட்டார்கள். நாலு மணி நேரம் அப்பாவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிப் படுக்க வைத்தேன். அன்றைக்குத்தான் பெங்களூரில் இறுதிச் சுற்று. தோற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் குமிழி குறைந்தது. அதற்கு மறுநாள் இருமினால் மட்டும் ஒன்றிரண்டு. பதினைந்தாம் நாள் குழாய்க்குள் தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கியது, குமிழி இல்லை. அதையும் பார்க்க இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. குழாயை எடுத்தார்கள்.

பதிமூன்றாம் நாள் குரல் திரும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "ரெஜினா சிஸ்டர் எங்க?"

"மாத்த வச்சுட்டேன்பா" என்றேன், பெருமையாக.

"அந்தப் பொம்பளை என்ன செஞ்சுச்சு? நான்தான் தாயி போட்டேன்."

நான் நம்பவில்லை. "யாரும் மிரட்டினாங்களாப்பா? பயப்படாமச் சொல்லுங்க" என்று குறுக்கு விசாரணை ஆரம்பித்தேன். அப்பா ஆக்ஸிஜன் குழாயை எடுத்து இரண்டாக மடித்தார். மணிக்கட்டில் மிச்சமிருந்த ஒற்றை ரப்பர் பேண்டை அதே கையின் விரலால் நெம்பி எடுத்து, மடிப்பின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள், ஒற்றைக் கையால். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முப்பத்தோரு வருஷம் சுற்றிய சுற்று. ஒன்பதாம் நாள் போர்வைக்குள் கையாலேயே மடக்கிப் பிடித்தாராம். மறுநாள் டாக்டர் வரத் தாமதமாகி, கை வலித்ததாம். குமிழி இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள், மிச்ச ஓட்டை வீட்டில் ஆறிக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்.

"ஏன்?" என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. போட்டிக்காக. நான் போக வேண்டும் என்பதற்காகத் தன் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். அன்றைக்கு வராந்தாவில் போய் அழுதேன். என் தோழிகள் எல்லாருக்கும் போனில் சொன்னேன், அவர்களும் அழுதார்கள்.

புகாரை வாபஸ் வாங்கி மறுபடி மூன்று பக்கம் எழுதினேன். எலும்பு முறிவு வார்டுக்குப் போய் சிஸ்டரிடம் நேராகவே நீட்டினேன். ஒருவருக்குக் காலில் எடை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு? ஆர்.எம்.ஓ. கிட்ட குடு. மெமோ குடுத்தது அவருதான்."

"நான் அன்னிக்கு இருந்த நெலமையில, இருந்த ஆதாரத்த வச்சுப் பாத்தா..."

"அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. எனக்காகத்தான் சிஸ்டர் செஞ்சாரு. என் போட்டிக்காக."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

"கேட்டியா பாப்பா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வழக்கம்போல. மெமோவை ரத்துப் பண்ணிவிட்டார்கள், ஆனால் அவரைப் பழைய வார்டுக்கு அனுப்பவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் வீட்டில் இருந்தோம். கேட்கத் தேவையில்லை, தேவையில்லை என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அந்த ஸ்டூலில் பத்து நாளும் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? கை நீட்டினால் தொடுகிற தூரம். எனக்குத் தெரியாதா? இன்றைக்குக் காலையில், இங்கே வருகிற பஸ்ஸில்தான் கேட்டேன். அப்பா ஜன்னலோரம். கண்டக்டர் விசில் கொடுத்தபோது அப்பாவின் உதடும் தன்னால் குவிந்தது.

"அப்பா, போட்டிக்கு நான் போகணும்னுதானே அந்த ரப்பர் பேண்டப் போட்டீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "எந்தப் போட்டி தாயி?"

நடிக்கிறார் என்றே நினைத்தேன். "பெங்களூருப் போட்டி. வராந்தாவுல நின்னு போன்ல கத்துனேனே."

"நீ தெனமும்தான் கத்துன. எது யாருகிட்டன்னு எனக்கென்ன தெரியும்? எங்கிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை அக்கா. யோசித்து யோசித்துப் பார்த்தேன், சொல்லவே இல்லை.

"அப்பறம் எதுக்குப்பா?"

பஸ் அடுத்த ஸ்டாப்பில் நின்றது. எங்களுக்கு முன் சீட்டில் இருந்தவர்கள் இறங்கினார்கள். அப்பா அந்தக் காலிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மைதீன் பாய் எறங்கிப் போயிட்டாரே தாயி. டிரைவர் இல்லாத வண்டியில நான் ஒருத்தன் மட்டும் எத்தனை நாளைக்கு உக்காந்திருக்கது?"